இருபது மாதக் குதிரைக்கு ஒரு காப்புறுதி

1

போன மாதம் திருப்பூரில் ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்துக்குப் போய், வாசலில் டோக்கன் கொடுப்பவரிடம் "குதிரைக்குக் காப்புறுதி எடுக்கணும்" என்று சொன்னேன். அவர் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, மிகுந்த மரியாதையோடு, "காப்பு கட்டறதுங்களா? அதெல்லாம் கோயில்ல கட்டுவாங்க. இங்க இன்சூரன்ஸ் மட்டுந்தானுங்க" என்றார்.

மலேசியாவில் இதைப் படிக்கும் உங்களுக்கு அவர் ஏன் குழம்பினார் என்று சொல்ல வேண்டும். நாம் காப்புறுதி என்பதை இங்கே எழுத்தில் காப்பீடு என்கிறார்கள். பேச்சில் யாரும் அதையும் சொல்வதில்லை, இன்சூரன்ஸ்தான். நான் இங்கே வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. சந்தையில் பேரம் பேசும்போதும் கம்பெனி ஆட்களோடு பேசும்போதும் என்னை இந்த ஊர்க்காரி என்றே நினைப்பார்கள். ஆனால் ஏதாவது ஒரு கவலை மனதில் இருந்தால் வாயில் நான் பிறந்து வளர்ந்த தைப்பிங்கின் தமிழ் வந்துவிடும். என் மகள் யாழினி இதைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறாள். "அம்மா காரைக் காடின்னு சொன்னா அது ரிப்பேர்னு அர்த்தம்" என்பாள்.

அன்றைக்கு எனக்குக் கவலை இருந்தது. எங்கள் குதிரை வேலி தாண்டி மங்கலம் ரோட்டுக்குப் போயிருந்தது. காலை ஷிப்டுக்கு எல்லாரும் பறக்கிற நேரம். ஸ்கூட்டரில் வந்த ஒரு பெண் திடீரென்று எதிரே குதிரையைப் பார்த்து பிரேக் பிடித்துச் சறுக்கி விழுந்தாள். முழங்கையில் சிராய்ப்பு. வண்டியின் கண்ணாடி உடைந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது அவள் ரோட்டோரம் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். "பரவாயில்லீங்க, நாயா இருந்தா பதறியிருக்க மாட்டேன், குதிரைங்கவும் பிரேக்க ஒரேயடியா புடிச்சுட்டேன்" என்று அவளே எங்களுக்குச் சமாதானம் சொன்னாள். இருந்தாலும் அவளுக்குப் பின்னால் ஒரு லாரி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எல்லாருக்கும் தெரிந்தது.

அன்று மாலையே என் கணவர் குமார், குதிரைக்கு இன்சூரன்ஸ் போட்டாக வேண்டும் என்று சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் காகிதம் சம்பந்தப்பட்ட எல்லாம் என் பொறுப்பு.

2

நான் இந்த ஊருக்கு வந்தது சட்டைகளைச் சோதிக்க. கோலாலம்பூரில் டீ-சர்ட் இறக்குமதி செய்யும் ஒரு நிறுவனம் என்னைத் தரப் பரிசோதகராக ஆறு மாதத்துக்கு அனுப்பியது. நான் முதன்முதலாக வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய சரக்கு குமாருடையது. கழுத்துப் பட்டி தையல் ஓரிடத்தில் இழுத்திருந்தது. அவர் வாதாடவில்லை. அனுப்பர்பாளையத்தில் இருந்த தன் கம்பெனிக்கு என்னை அழைத்துப்போய், எந்த மெஷினில் அந்தத் தவறு வருகிறது என்று என்னையே கண்டுபிடிக்கச் சொன்னார். ஆறு மாதம் முடிவதற்குள் திருமணம் பேசியாகிவிட்டது.

யாழினிக்கு இப்போது பதினேழு வயது. பிளஸ் டூ படிக்கிறாள். பனியன் கம்பெனி மேல் அவளுக்கு எந்த ஆர்வமும் இல்லை. பன்னிரண்டு வயதில் பல்லடம் பக்கம் ஒரு சிறிய குதிரையேற்றப் பயிற்சித் திடலுக்கு அவளைக் கொண்டுபோய் விட்டோம், கோடை விடுமுறையில் பொழுது போகட்டும் என்று. அவள் திரும்பி வரவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அங்கேதான்.

போன வருஷக் கடைசியில் அந்தத் திடலை நடத்தியவர் இடத்தைக் காலி செய்துவிட்டுக் கோயம்புத்தூர் போனார். பெரிய குதிரைகளைக் கூட்டிப்போனார். ஒரு பெட்டைக் குட்டியை மட்டும் யாழினிக்குக் கொடுக்க முன்வந்தார். மார்வாரிக் குட்டி, காது நுனி இரண்டும் உள்பக்கமாக வளைந்து ஒன்றையொன்று தொடப் பார்க்கும். காய்ந்த சுக்கு மாதிரி நிறம், அதனால் யாழினி அதற்குச் சுக்கு என்றே பெயர் வைத்தாள். மங்கலம் பக்கத்தில் குமாரின் குடும்பத்துக்கு ஒரு தென்னந்தோட்டம் இருக்கிறது. அங்கிருந்த மாட்டுச் சாளையில் ஒரு பகுதியைத் தடுத்து இடம் செய்தோம். தோட்டத்திலேயே குடியிருந்து வேலை பார்க்கும் மாரியம்மாள், குட்டியின் நெற்றியில் இருந்த மயிர்ச்சுழியைத் தடவிப் பார்த்து, நல்ல சுழிதான் என்று ஒப்புதல் கொடுத்தார்.

இந்த ஏற்பாடு எதையும் நான் தைப்பிங்கில் இருக்கும் அப்பாவிடம் உடனே சொல்லவில்லை. அதற்குக் காரணம் இருந்தது.

3

அப்பா குதிரைக்காரர். தைப்பிங்குக்கு வெளியே ஒரு சீன முதலாளிக்குச் சொந்தமாக ஒரு லாயம் இருந்தது. பந்தயத்துக்குப் போகும் குதிரைகளை அங்கே வைத்துப் பழக்குவார்கள். தவுக்கே என்றுதான் முதலாளியை எல்லாரும் சொல்வார்கள், எனக்கு அவர் பெயரே தெரியாது. அப்பா அங்கே பதினோரு வருஷம் சைஸாக, குதிரைகளைப் பராமரிப்பவராக, இருந்தார். தீனி வைப்பது, தேய்ப்பது, விடியலில் நடை கொண்டுபோவது எல்லாம் அவர் வேலை. மழை பெய்யாத நாளே இல்லாத ஊரில் அவர் சட்டை எப்போதும் ஈரமாக இருக்கும், அதில் குதிரை வாசனை இருக்கும். அம்மா அந்தச் சட்டைகளைத் தனியாகத் துவைப்பார்.

சனிக்கிழமைகளில் அப்பா என்னை லாயத்துக்குக் கூட்டிப்போவார். குதிரை என் தலைமேல் மூச்சு விடும். அந்த வெப்பம் இப்போதும் எனக்குத் தெரியும்.

எனக்கு எட்டு வயதாக இருக்கும்போது அப்பா அந்த வேலையை விட்டுவிட்டுக் கையுறை செய்யும் தொழிற்சாலையில் சேர்ந்தார். அவரிடமிருந்து குதிரை வாசனை போய் ரப்பர் வாசனை வந்தது. ஏன் விட்டீர்கள் என்று நான் கேட்டதற்கு, "சம்பளம் கூட" என்று மட்டும் சொன்னார். அம்மாவும் சொல்லவில்லை. அம்மா இறந்து ஏழு வருஷமாகிவிட்டது. தொலைக்காட்சியில் குதிரை வந்தால் அப்பா எழுந்து போய்விடுவார். குடும்பத்தில் எல்லாருக்கும் அது பழகிப்போய், யாரும் கவனிப்பதுகூட இல்லை.

யாழினி அவரை அப்புச்சி என்று கூப்பிடுவாள். அம்மாவைப் பெற்ற தாத்தாவுக்குக் கொங்கு நாட்டில் அதுதான் பெயர். முதல்முறை தொலைபேசியில் அவள் மழலையில் அப்படிக் கூப்பிட்டபோது அப்பா, "பிள்ளைக்கு என்ன பசியா, அப்பம் கேக்குது?" என்றார். விளக்கிச் சொன்ன பிறகு அந்தச் சொல் அவருக்குப் பிடித்துப்போனது. பேத்தி பிளஸ் டூ முடித்ததும் பினாங்கில் கல்லூரியில் சேர்ந்து படிக்கட்டும், வாரக் கடைசியில் தன்னோடு வந்து இருக்கட்டும் என்பது அவருக்கும் எனக்குமான பழைய ஏற்பாடு. விண்ணப்பத் தாள்களைக்கூட நான் எடுத்து வைத்திருந்தேன். யாழினி வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை.

4

இன்சூரன்ஸ் அலுவலகத்துக்குத் திரும்புகிறேன். எனக்கு அமைந்த அதிகாரி நாற்பது வயதுப் பெண்மணி. பொறுமையானவர். அவர் எடுத்து வைத்த படிவம் மாட்டுக்கானது. இனம் என்ற இடத்தில் முதலாவதாகக் காங்கேயம் மாடு இருந்தது. பயன்பாடு என்ற இடத்தில் பால், உழவு, இனப்பெருக்கம். அவர் சிரித்துக்கொண்டே, மாட்டுப் படிவத்திலேயே குதிரைக்கும் போடலாம், வருஷத்துக்கு ரெண்டு மூணு வரும், ரேக்ளா வண்டிக்காரர்கள் போடுவார்கள் என்றார்.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். இரண்டு வகை. ஒன்று, குதிரையால் மற்றவர்களுக்கு ஏதாவது ஆனால் அவர்களுக்குக் கொடுப்பது. ஸ்கூட்டர் பெண்ணை நினைத்து அதை எடுப்பதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. மற்றொன்று, குதிரை விபத்திலோ நோயிலோ இறந்துபோனால் அதன் விலையை எங்களுக்குக் கொடுப்பது. வைத்தியச் செலவுக்கு உண்டா என்று கேட்டேன். இல்லை என்றார். அறுவை சிகிச்சைக்கு? அதுவும் இல்லை.

"செத்தாத்தானுங்க கெளெய்ம். இல்லாட்டி, இனிப் பொழைக்காது, கஷ்டப்படுத்தாம முடிச்சுரலாம்னு டாக்டர் எழுதிக் குடுத்து, ஓனரும் சம்மதம்னு கையெழுத்துப் போட்டா, அதுக்கும் உண்டுங்க."

நான் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். அப்போது அது எனக்கு ஒரு விதியாக மட்டுமே பட்டது.

பிறகு சிக்கல்கள் ஆரம்பித்தன. குட்டிக்கு இருபது மாதம். இரண்டு வயது நிறையாத குதிரைக்கு மேலிடத்தில் தனியாக அனுமதி வாங்க வேண்டும். அடையாளத்துக்குக் காதில் துளையிட்டு எண் பொறித்த வில்லை மாட்ட வேண்டும். இதை வீட்டில் சொன்னதும் யாழினி, "அந்தக் காதுலங்களாம்மா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். மறுநாள் அதிகாரியிடம் மன்றாடியதில், டாக்டர் அங்க அடையாளம் எழுதிப் புகைப்படத்தோடு கொடுத்தால் பரிசீலிக்கலாம் என்றார். கால்நடை டாக்டர் தோட்டத்துக்கு வந்து, பல்லைப் பார்த்து வயது எழுதினார். குதிரையின் உருவம் கோட்டுப் படமாக அச்சிட்ட ஒரு தாளில் நெற்றிச் சுழி, கழுத்துச் சுழி, இடது பின்னங்கால் வெள்ளை எல்லாவற்றையும் குறித்தார். மாரியம்மாள் பக்கத்தில் நின்று, ஒரு சுழியை அவர் விட்டுவிட்டதாகச் சொல்லித் திருத்தினார். டாக்டரும் பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார்.

கடைசியாக உரிமையாளர் பெயர். நான்தான் படிவம் நிரப்புகிறேன் என்பதால் என் பெயரைச் சொன்னேன். அடையாள அட்டை கேட்டார்கள். என்னிடம் இருப்பது மலேசியக் கடவுச்சீட்டும், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. கார்டும். அந்த கார்டு வைத்திருப்பவர் இங்கே விவசாய நிலம் வாங்க முடியாது என்பது அதிகாரிக்குத் தெரியும். குதிரை வைத்துக்கொள்ளலாமா என்பது தெரியவில்லை. கோயம்புத்தூருக்குப் போன் போட்டார். அங்கே இருந்தவருக்கும் தெரியவில்லை.

"சார் பேருல போட்டுட்டா ஒரு சோலியும் இல்லீங்களே" என்றார் அதிகாரி. நானும் அப்படியே செய்துவிடலாம் என்று நினைத்தேன். மேலிடத்து அனுமதி வர ஒரு வாரமாவது ஆகும் என்று சொல்லி என்னை அனுப்பினார்.

5

அந்த வாரக் கடைசியில், சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு மாரியம்மாள் போன் செய்தார். குதிரை தீனி தொடவில்லை, படுத்துப் படுத்து எழுகிறது, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறது என்றார்.

நானும் யாழினியும் போனபோது சுக்கு மண்ணில் புரண்டுகொண்டிருந்தது. உடம்பெல்லாம் வியர்வை. யாழினி கழுத்துக் கயிற்றைப் பிடித்து எழுப்பி நடக்க வைத்தாள். குமார் கம்பெனியிலிருந்து வந்தார். அவருக்குப் பின்னாலேயே டாக்டரும் வந்துவிட்டார்.

வலிக்கு ஊசி போட்டார். மூக்கு வழியாகக் குழாய் விட்டு எண்ணெய் செலுத்தினார். கையுறை மாட்டிக்கொண்டு உள்ளே பரிசோதித்தார். சாணி கட்டிக்கொண்டிருக்கலாம், அப்படியானால் எண்ணெய்க்கு இளகிவிடும். குடல் முறுக்கிக்கொண்டிருந்தால் அறுவை சிகிச்சைதான், அதற்குச் சென்னைக்குக் கொண்டுபோக வேண்டும், அவ்வளவு தூரம் தாங்குமா என்பது சந்தேகம் என்றார். நான்கு மணி வரை பார்ப்போம் என்றார். பிறகு கையைக் கழுவிக்கொண்டே, சாதாரணமாக, "இன்சூரன்ஸ் இருக்குங்களா?" என்று கேட்டார்.

அவர் மேல் எனக்குக் குறையில்லை. இருந்தால் கம்பெனிக்கு முன்கூட்டியே தகவல் சொல்ல வேண்டும், அதற்காகக் கேட்டார்.

"இன்னும் போடலீங்க டாக்டர்" என்றார் குமார். "போன வாரமே முடிச்சிருந்தா இந்நேரம் கவலையில்லாம இருந்திருக்கலாம்."

யாழினி சுக்குவை நடத்திக்கொண்டே திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை. "என்ன கவலைங்கப்பா இல்லாம இருந்திருக்கும்?"

குமார் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனால் அந்தக் கேள்வி அங்கே நின்றுவிட்டது. தென்னை மர வரிசையில் அவள் போவதும் வருவதுமாக இருந்தாள். நான் பாதி நேரம் கயிற்றை வாங்கிக்கொண்டேன். குதிரை நின்று என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டது. அதன் மூச்சு என் கழுத்தில் பட்டது.

மூன்றரை மணிக்குச் சுக்கு சாணி போட்டது. மாரியம்மாள் கையெடுத்துக் கும்பிட்டார். யாழினி அந்தச் சாணிக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து அழுதாள். டாக்டர் வயிற்றில் காது வைத்துக் கேட்டுவிட்டு, குடல் ஓட ஆரம்பித்துவிட்டது, இனிப் பயமில்லை என்றார்.

6

மறுநாள் காலை நான் அப்பாவுக்குப் போன் செய்தேன். நம்மூர் நேரம் இங்கத்தியதை விட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும், அவர் அப்போது பகல் சாப்பாட்டை முடித்திருந்தார். குட்டி இருப்பதையும், முந்தின நாள் நடந்ததையும், இன்சூரன்ஸ் எடுக்கப்போவதையும் ஒரே மூச்சில் சொன்னேன். திட்டுவார், அல்லது போனை வைத்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன்.

அவர், எந்த மாதிரி காப்புறுதி என்று கேட்டார். அதிகாரி சொன்னதைச் சொன்னேன். டாக்டர் எழுதிக்கொடுத்து உரிமையாளர் சம்மதித்தால் என்ற இடம் வந்தபோது, "ஆமா, அங்கயும் அதே மாதிரிதானா" என்றார். பிறகுதான் சொன்னார். அவர் சொன்ன விதத்தில், பல வருஷம் மனதுக்குள் சொல்லிப் பார்த்தது போல் இருந்தது.

லாயத்துக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு குட்டி வந்தது. இரண்டு வயது. இன்னும் ஒரு பந்தயம்கூட ஓடவில்லை. அப்பாதான் அதைப் பார்த்துக்கொண்டார். ஒருநாள் காலை ஓட்டத்தில் முன்னங்காலில் எலும்பு விரிசல் விட்டது. ஆறு மாதம் ஓய்வு கொடுத்தால் கூடிவிடும், ஆனால் இனி ஓட முடியாது. ஓடாத குதிரைக்குக் காப்புறுதியில் ஒன்றும் கிடைக்காது. இறந்த குதிரைக்குக் கிடைக்கும். தவுக்கே இரண்டு நாள் யோசித்தார். பிறகு டாக்டர் ஒருவர் வந்து ஒரு தாளில் எழுதினார், தவுக்கே கையெழுத்துப் போட்டார். குதிரையை லாயத்துக்குப் பின்னால் கூட்டி வரச் சொன்னார்கள். கூட்டிப்போனவர் அப்பா.

"எழுந்து நிக்கவே முடியாதுன்னு எழுதியிருந்தாங்கம்மா. அது என் பின்னாலயே நடந்து வந்துச்சு. கயிறக்கூட நான் இழுக்கல."

அந்த மாதத்தோடு வேலையை விட்டார்.

அது உங்கள் தவறில்லை என்று சொன்னேன். காப்புறுதி எடுக்காதே என்று சொல்கிறீர்களா என்று கேட்டேன். அப்படி இல்லை என்றார். தவுக்கே கெட்ட மனிதர் இல்லை என்றும், அம்மாவின் பிரசவத்துக்குத் தன் காடியைக் கொடுத்தவர் என்றும் சொன்னார். அந்தக் காப்புறுதித் தாள் கையில் இருந்ததால்தான் அவருக்கு அந்த நினைப்பு வந்தது, தாள் இல்லாவிட்டால் குதிரை ஏதாவது ஒரு மூலையில் நின்றிருக்கும் என்றார்.

7

குமாரிடம் இதைச் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார்.

அவருடைய நியாயம் எனக்குத் தெரிந்ததுதான். யாழினி கைக்குழந்தையாக இருந்தபோது எங்கள் கிடங்கு தீப்பிடித்தது. ஏற்றுமதிக்குக் கட்டி வைத்திருந்த பெட்டிகள் அத்தனையும் போயின. இன்சூரன்ஸ் இருந்ததால் கம்பெனி நின்றது. அதே தெருவில் இன்சூரன்ஸ் இல்லாமல் இருந்த இன்னொருவர், பிறகு வேறு கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக வேலைக்குப் போனார். குமார் இன்றைக்கும் அவரைப் பார்த்தால் வண்டியை நிறுத்திப் பேசிவிட்டுத்தான் போவார். நாளைக்கு அறுவைச் செலவு, போக்குவரத்து என்று போய்க் கடைசியில் குதிரையும் போய்விட்டால், இன்னொன்று வாங்கித்தரக்கூட வழி இருக்காது, மகளுக்காகத்தான் யோசிக்கிறேன் என்றார்.

அதுவும் சரிதான். யோசித்துப் பார்த்தால், இன்சூரன்ஸ் இல்லாவிட்டாலும் பணம்தான் ஒருநாள் சென்னைக்குக் கொண்டுபோகலாமா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கும். தாளை மட்டும் குற்றம் சொல்லி என்ன பயன்? ஒரு சனிக்கிழமை மதியம் வெயிலில், குதிரை மண்ணில் புரளும்போது, அந்தச் சம்மதத் தாளில் யார் கையெழுத்துப் போடுவது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. ஆகவே எடுக்கலாம், ஆனால் என் பெயரில் என்று சொன்னேன்.

"என்னய நம்ப மாட்டயா தேவகி?" என்றார் குமார்.

"உங்களை நம்பறேன். அப்படி ஒரு நாள் வந்தா, அந்த இடத்துல நிக்கற நாம எப்படி இருப்போம்னுதான் எனக்குத் தெரியல. கையெழுத்து என் கையில இருந்தா, அப்பா நினைப்பு வரும். அவ்வளவுதான்."

அவர் காயப்பட்டிருந்தார். அதைச் சரிசெய்ய நானும் அவசரப்படவில்லை.

மறுநாள் அவரே என்னோடு அலுவலகத்துக்கு வந்தார். அதிகாரி மறுபடியும் சார் பேர் என்று ஆரம்பித்தபோது, "அவங்க பேருலயே போடுங்க, எத்தன நாளானாலும் பரவாயில்லீங்க" என்றார். மூன்று முறை அலைந்தோம். என் ஓ.சி.ஐ. கார்டின் நகல், கடவுச்சீட்டின் நகல், திருமணச் சான்றிதழ், தோட்டத்தில் குதிரையை வைத்துக்கொள்ளக் குமார் எனக்குக் கொடுக்கும் சம்மதக் கடிதம், எல்லாம் கேட்டார்கள். என் கணவர் எனக்கு எழுதிக் கொடுத்த முதல் கடிதம் அது என்று அதிகாரியிடம் சொன்னேன். அவர் முத்திரையைக் குத்தாமல் சிரித்துக்கொண்டிருந்தார். கோயம்புத்தூரிலிருந்து கடைசியில், காதில் வில்லை இல்லாமலே குட்டிக்கான அனுமதியோடு, பதில் வந்தது: அந்த கார்டு வைத்திருப்பவர் குதிரை வைத்துக்கொள்ளக் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் தோட்டத்துக்குப் போனபோது, குமார் ஒரு பெயிண்ட் டப்பாவோடு நின்றிருந்தார். காங்கேயத்துக் காளைகளைச் சந்தைக்கு ஏற்றிப்போகும், சாய்வுப் பலகை வைத்த வண்டிக்காரர் ஒருவரைத் தேடிப் பிடித்து, எந்த நேரம் கூப்பிட்டாலும் சென்னை வரை வர வேண்டும் என்று பேசி முடித்திருந்தார். அவர் எண்ணையும் டாக்டர் எண்ணையும் சாளைச் சுவரில், மாரியம்மாள் கண்ணாடி இல்லாமல் படிக்கிற அளவுக்குப் பெரிதாக எழுதிக்கொண்டிருந்தார்.

8

பாலிசி தபாலில் வந்தது. இரண்டு பாகமும் சேர்த்து ஏழு பக்கம். யாழினி ஒரு பக்கம் விடாமல் படித்தாள். அவள் பாடப் புத்தகத்தை அப்படிப் படித்து நான் பார்த்ததில்லை. உரிமையாளர் கையெழுத்து என்ற இடத்துக்கு வந்ததும் விரலை வைத்து நிறுத்தினாள்.

"அடுத்த வருஷம் எனக்குப் பதினெட்டு ஆயிருமுங்கம்மா. புதுப்பிக்கறப்ப என் பேருக்கு மாத்திக் குடுப்பீங்களா?"

அலமாரியில் பினாங்குக் கல்லூரியின் விண்ணப்பத் தாள்கள் இருந்தன. ஒரு குதிரை எத்தனை வருஷம் இருக்கும் என்று கேட்டேன். நன்றாகப் பார்த்துக்கொண்டால் முப்பது வருஷம் என்றாள். சுக்குவுக்கு முப்பது வயதாகும்போது எனக்கு எழுபத்து நான்கு. யாழினிக்கு நாற்பத்தைந்து. அவள் இந்த ஊரில், இந்தத் தென்னைகளுக்கு நடுவே, ஒரு கிழட்டுக் குதிரையைத் தண்ணீர்த் தொட்டிக்குக் கூட்டிப்போவது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. நானும் இதே ஊரில்தான் இருப்பேன் என்பதும் தெரிந்தது. பத்தொன்பது வருஷமாக நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த ஒரு கணக்கு அது.

மாற்றித் தருகிறேன் என்று சொன்னேன். அவள் தாள்களை அடுக்கி உறையில் வைத்தாள். பிறகு மெதுவாக, "அப்புச்சிகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுங்களாம்மா?" என்று கேட்டாள். அவளுக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது. நான் சொல்கிறேன் என்றேன்.

அன்று மாலை போன் செய்து, யாழினி பினாங்குக்கு வரமாட்டாள், இங்கேயே படிப்பாள் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர், "குதுரய விட்டுட்டு வந்து உக்காந்தா எங்க படிப்பு ஏறும்" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை. குட்டி தண்ணீர் சரியாகக் குடிக்கிறதா என்று கேட்டார். தவிட்டை நனைத்துக் கொடுக்கச் சொன்னார். காய்ந்த வைக்கோலைக் குறைக்கச் சொன்னார். முன்னங்குளம்பை யார் வெட்டுகிறார்கள் என்றார், கோணலாகத் தேய்ந்த பல் இருந்தால் தீனி முழுசாக உள்ளே போய் வயிறு கட்டும் என்றார், டாக்டரை வாய்க்குள் பார்க்கச் சொல் என்றார். நான் குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டேன். அவர் குரல் போகப்போக வேகமானது. முக்கால் மணி நேரம் பேசினார். அவ்வளவு நேரம் அவர் என்னோடு பேசியதாக எனக்கு நினைவில்லை.

நான் இங்கே வந்த நாளிலிருந்து, ஒவ்வொரு முறையும் போனை வைக்கும் முன் அப்பா ஒரு கேள்வி கேட்பார்: "எப்பம்மா வீட்டுக்கு வர்ற?" அன்றைக்கு அவர் அதைக் கேட்கவில்லை. தவிட்டில் கொஞ்சம் உப்புப் போடு என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.